அந்துவான் மூடிய கம்ப்யூட்டர்

பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "அந்துவான் போயிட்டாருண்ணே, நெஞ்சுவலி" என்றார் அவருக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். உழவர்கரையில் அந்துவானின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் தெரியாதவர் உண்டா? அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பஸ்ஸே நின்றுபோனது. பாதிப் புதுச்சேரி என்று சொல்லலாம். முழுதும் என்றாலும் தப்பில்லை.

அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். என் கம்ப்யூட்டர் அரதப் பழசு. பிரான்சிலிருந்து வந்த மச்சான் அதற்கு ஒரு புது பிராசசர் கொண்டுவந்து கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு அதுதான் மூளை. நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் கையில் வாங்கியதுமே தரம் தெரிந்துவிட்டது. புது வண்டிக்குச் செய்வதுபோல டப்பாவுக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, டீக்கடை முழுக்க லட்டு கொடுத்துவிட்டுத்தான் அந்துவானிடம் போனேன்.

"ஏண்ணே, மாட்டறதுக்கு முன்னாடியே லட்டா?" என்று சிரித்தார். "இத உக்கார வைக்கிற போர்டு பழசுண்ணே. பொருந்துறது வேற, ஏத்துக்கறது வேற. வச்சிட்டுப் போங்க, பாக்கறேன்."

மறுநாள் போனால் பெட்டி பறக்கிறது! சுவிட்சைத் தட்டிய கையை எடுப்பதற்குள் திரை வந்து நிற்கிறது.

"போர்டு ஏத்துக்கிச்சா?"

"உங்க வூட்டுப் பொருளாச்சே, ஏத்துக்காம போவுமா?"

அதன்பிறகு அவர் கடைக்கு யார் வந்தாலும் இந்தப் பேச்சை எடுப்பேன். சேதராப்பட்டு கம்பெனி மிஷின்கூட இதன் பக்கத்தில் நிற்காது என்பேன். அந்துவான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி மேரி அந்த டப்பாவை என் முன்னால் வைத்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது உங்களுதுண்ணே. போர்டு இத ஏத்துக்கலையாம். உங்க பெட்டியில பழசேதான் இருக்கு. புது டிஸ்கும் ராமும் போட்டு வேகமாக்கிக் குடுத்தாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"லட்டு தின்னவனுங்க அண்ணனைக் கேலி பண்ணுவானுங்கன்னாரு."

பக்கத்து இலையில் ஜெராக்ஸ் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோவ், உனக்கும் தெரியுமா?"

"கடைக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும்ண்ணே. வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு."

இலையை மூடிவிட்டேன். நான் பேசப் பேச, அத்தனை பேரும் தெரிந்தே தலையாட்டியிருக்கிறார்கள். கூடப் பிறக்காத தம்பி என்று நான் சொல்லிக்கொண்ட ஆளே எனக்குத் துரோகம் செய்திருக்கிறார். காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதையும் நானே ஒரு கதையாக்கி ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருப்பேனே!

போர்டையே மாற்றிவிட்டு அந்தப் பிராசசரைப் போடலாம் என்று வேறொரு கடைக்காரர் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். அந்துவான் முடுக்கிய திருகாணியை இன்னொருவர் கழற்ற எனக்குச் சம்மதமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பெட்டியும் இந்தக் கோபமும்தான். பெட்டி ஒருநாள் நின்றுவிடும். கோபத்தை, மேலே போய் அவர் முகத்துக்கு நேரே கேட்கும்வரை விடுவதாக இல்லை. எனக்கு நூறு வயது கெட்டி, அதுவரை காத்திருக்கட்டும்.