கறுப்பு வெள்ளையில் பாண்டிலட்சுமி

பட்டாசு கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்த அழகுமீனா, வெடிமருந்துக்குப் பயந்து கம்ப்யூட்டர் கற்று, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு வந்துவிட்டாள். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளுக்காகக் கலர் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது அங்கே அவள் வேலை.

அன்று பிற்பகல் ஒருவர் செல்போனை நீட்டினார். "காலைல கம்பெனி வெடிச்சதுல எந் தங்கச்சி போயிட்டா, தாயி. இந்தப் படந்தான் இருக்கு."

இருக்கன்குடி கோயிலில் எடுத்த பழைய படம். முன்பு கம்பெனியில் அழகுமீனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பாண்டிலட்சுமி. அவள் தோளில் கைபோட்டுச் சிரிப்பது அழகுமீனாவேதான்.

"அண்ணாச்சி, இத வேற யாராச்சும் செய்யட்டுமே," என்று முதலாளியிடம் கெஞ்சினாள்.

"வேற யாரு இருக்கா? அடக்கத்துக்கு முன்னால ஒட்டணுமாம்."

முதலில் தன்னை வெட்டி நீக்கினாள். தோளில் மிஞ்சிய தன் விரல்களையும் அழித்தாள். நிறத்தை எடுத்ததும் சிவப்புச் சேலையும் பின்னாலிருந்த பச்சை மரமும் ஒரே சாம்பலாகி, பாண்டிலட்சுமி பாதி கரைந்துபோனாள். பச்சையை வெளுக்கவைத்து, சிவப்பை இருட்டாக்கி அவளைத் தனியே பிரித்தெடுத்தாள்.

"பக்கத்துல நின்ன புள்ள யாருன்னு தெரியல. அதுக்கும் சொல்லி விடணும்," என்றார் அண்ணன்.

"நாந்தாண்ணே அது."

எழுந்து வெளியே ஓட வேண்டும்போல் இருந்தது. அதே விபத்தில் போனவர்களின் சொந்தக்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். அடுத்த செல்போனுக்குக் கை நீட்டினாள்.