செல்வநாயகியின் பச்சை டிக்

விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு செல்வநாயகி செய்கிற வேலையை என்னவென்று சொல்வது? அவள் மாமியாரைக் கேட்டால், "போன் பேசற வேல" என்பார். அதுவும் பொய்யில்லை.

அரசாங்கம் எதற்கெல்லாம் மானியம் தருகிறது, யாருக்குத் தருகிறது, என்றைக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் பட்டியல் போடுகிற இணையதளம் ஒன்றில் அவளுக்கு வேலை. நடத்துகிற பிரவீன்குமார் இந்த ஊர்ப் பையன்தான், இப்போது சென்னையில் இருக்கிறான். அவன் எழுதிய மென்பொருள் தினமும் எல்லாத் துறைகளின் பக்கங்களையும் மேய்ந்துவிட்டு வந்து, கிடைத்ததையெல்லாம் கொட்டும். முடிந்துபோன திட்டம், போன வருஷத்துத் திட்டம், யாரோ கிளப்பிவிட்ட இல்லாத திட்டம், எல்லாம் அதில் கிடக்கும். கொட்டியது அப்படியே தளத்தில் ஏறிவிடும், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'சரிபார்க்கவில்லை' என்ற சின்ன எழுத்தோடு. செல்வநாயகி பார்த்துப் பச்சை டிக் போட்டால்தான் அது உண்மை.

அந்த டிக்கை அவளிடமிருந்து வாங்குவது லேசில்லை. பதினெட்டு வருஷம் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுத்தவள். எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் அரசாணையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். பிறகு மனு வாங்குகிற ஆபீசுக்கே போன் போடுவாள். எடுத்தவர் பெயர், பேசிய நேரம், சொன்ன பதில் மூன்றையும் எழுதிக்கொள்வாள். கடைசி நாள் நெருங்கும்போது இன்னொரு தடவை கூப்பிடுவாள். எத்தனையோ குமாஸ்தாக்கள் அவள் குரலைக் கேட்டதும், "இந்தம்மாவா" என்று பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். விடட்டுமே! பிடித்த பிடியை விடுகிற ஆளா அவள்?

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு சறுக்கல் வந்தது.

போன ஆகஸ்டில், சின்ன பீங்கான் பட்டறைகள் கேஸ் சூளை வாங்கப் பாதி விலை மானியம் என்று ஒரு திட்டம் வந்தது. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிற அன்புக்கரசி அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். அவளுடைய பழைய சூளை விரிசல் விட்டு ஒரு வருஷமாகிறது. அடுத்தவர் சூளையில் வாடகைக்கு இடம் பிடித்துத்தான் வேகவைக்கிறாள். முறை வருவதற்குள் ஆர்டர் கைமாறிப் போய்விடுகிறது. சொந்தச் சூளை வராவிட்டால் பொங்கலோடு கொட்டகையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று கூட வேலை செய்கிற நாலு பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

அந்தத் திட்டத்தின் அரசாணையில் தேதி இல்லை. 'மாவட்ட அலுவலகம் அறிவிக்கும்' என்றிருந்தது. மென்பொருள் கொண்டுவந்த தேதி ஆகஸ்ட் முப்பத்தொன்று. செல்வநாயகி மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் புதிதாக மாற்றலாகி வந்த குமாஸ்தா. "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று போனவர் திரும்பி வந்து, "முப்பத்தொண்ணுதான்" என்றார். அரசாணை படித்தாயிற்று, ஆபீசும் சொல்லியாயிற்று. பச்சை டிக் விழுந்தது. அன்புக்கரசியிடமும் அதையே சொன்னாள்.

இருபத்திரண்டாம் தேதி, வழக்கம்போல இரண்டாவது போன். இந்தத் தடவை என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் கேட்டாள். அதே குமாஸ்தா கடகடவென்று படித்தார்: "...சூளை கம்பெனி விலைப்புள்ளி, கொட்டகை வாடகைப் பத்திரம், ரெண்டு போட்டோ. கையில ஒண்ணு கூடுதலா வச்சிக்கணும், ஆபீசுல ஒண்ணு தொலையும்."

செல்வநாயகிக்குச் சுரீரென்றது. எந்த அரசாங்கம் இப்படி எழுதும்? அந்தக் கடைசி வரி அவளே எழுதியது. ஜெராக்ஸ் கடை அனுபவத்தில் எல்லாப் பட்டியலின் அடியிலும் அவள் சேர்க்கிற வரி.

"சார், இத எதப் பாத்துப் படிக்கிறீங்க?"

"மானியமெல்லாம் போடுவாங்களே, அந்த வெப்சைட்டுதாம்மா. நல்லா தெளிவா இருக்குது."

ஒன்பது நாளாக அவள் ஆபீசைக் கேட்டுத் தளத்தில் போட்டிருந்தாள். ஆபீஸ் தளத்தைப் பார்த்து அவளுக்குச் சொல்லியிருக்கிறது. நடுவில் உண்மை எங்கே?

மறுநாள் முதல் பஸ். இரண்டு மணி நேரம். குமாஸ்தா ஏதோ முகாமுக்குப் போயிருந்தார். செல்வநாயகி ஆபீசைச் சுற்றி வந்தாள். பின்பக்க மாடிப்படி ஓரம், சைக்கிள்கள் மறைத்த அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. இந்த வருஷத் தேதி, அதிகாரி கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசி நாள் ஆகஸ்ட் இருபத்துநான்கு. முப்பத்தொன்று என்பது போன வருஷத்தது. மென்பொருள் பழைய குப்பையைக் கிளறிக் கொண்டுவந்திருக்கிறது.

நாளைக்குத்தான் கடைசி.

அங்கிருந்தே அன்புக்கரசியைக் கூப்பிட்டாள்.

"அன்பு, நாளைக்கே மனு குடுக்கணும். நான் சொன்ன தேதி தப்பு. என் தப்புதான்."

"விலைப்புள்ளி இன்னும் வரலக்கா. ஒரு வாரம் இருக்குதுன்னு உங்கள நம்பித்தானே இருந்தேன்" என்றாள். செல்வநாயகிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்தது பிரவீன்குமார். தேதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றான் அவன்.

"முப்பத்தொண்ணுன்னு பாத்துட்டுப் போனவன் திரும்ப வந்து பாப்பானா தம்பி? தப்புன்னு செவப்புல பெருசா போடு. பாத்தவங்கள்லாம் நாலு பேருக்குச் சொல்லட்டும்."

"நம்ம பேரு கெட்டுப்போயிடுங்கக்கா."

"நம்ம பேரு எதுக்கு? எம்பேரப் போடு. போன் நம்பரும் போடு."

பிரவீன்குமார் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

சூளைக் கம்பெனிக்காரனை உலுக்கி விலைப்புள்ளி வாங்கவே அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் மாவட்ட ஆபீஸ் வரிசையில் நின்றார்கள். பஸ்ஸில் வந்த இரண்டு மணி நேரமும் அன்புக்கரசி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமாஸ்தா மனுவைத் தொடவில்லை. "முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்குதேம்மா. இன்னிக்குப் பதிவேடு எடுக்கல. திங்கக்கெழம வாங்க."

"இன்னிக்குத்தான் கடைசி சார். உங்க போர்டுலயே ஒட்டியிருக்குது" என்று செல்வநாயகி, நேற்று போனில் பிடித்த பலகையின் போட்டோவைக் காட்டினாள்.

"போர்டுல ஆயிரம் ஒட்டியிருப்பாங்க. அதெல்லாம் பழசு. இத பாருங்க" என்று தன் போனை நீட்டினார். காலையில் திறந்து வைத்த பக்கம். முப்பத்தொன்று. பக்கத்தில் பச்சை டிக்.

தான் போட்ட டிக்கே தனக்கு எதிராக நிற்பதைச் செல்வநாயகி பார்த்தாள். பிரவீன்குமார் என்ன முடிவெடுத்தானோ, தெரியாது. "ஒரு தடவ திரும்பத் தொறந்து பாருங்க சார்" என்றாள்.

அவர் அலுத்துக்கொண்டே திறந்தார். பிறகு வரிசைக்கே கேட்கும்படி படித்தார்: "'இந்தத் தேதி தவறு. கடைசி நாள் ஆகஸ்ட் இருபத்துநான்கு. பலகையைப் பார்க்காமல் டிக் போட்டது செல்வநாயகி. சந்தேகம் இருந்தால் அவரையே கூப்பிடலாம்.' யாரும்மா இந்த செல்வநாயகி?"

"நான்தாங்க."

குமாஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்தார். பதிவேட்டை எடுத்தார், மனுவை வாங்கினார், தேதி முத்திரையைக் குத்தி ரசீதை அன்புக்கரசி கையில் கொடுத்தார்.

அன்புக்கரசி அதைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பின்னால் நின்ற, கம்மாபுரத்தில் பட்டறை வைத்திருக்கிற மாணிக்கவேல் தன் மனுவை நீட்டினார்.

"அந்தச் செவப்பு எழுத்தப் பாத்துட்டுத்தாங்க நானும் ஓடியாந்தேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.