மூன்று மேசையை ஒன்றாக்கியவன்

மலையாள நாட்டில் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவுக்குப் பந்தல் போடும் கூலியாக வந்தவன் நான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு தீர்ந்தது. சொந்தமாக வாடகைக்கடை வைத்தேன். மேசை, நாற்காலி, அண்டா எல்லாம் வாங்கிப் போட்டேன். ஓட்டு வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டதாரிகளாக்கினேன். கைகொடுத்தவன் ஒருவனும் இல்லை. காலை வாரியவர்கள் நிறைய.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. கோர்ட்டும் வில்லேஜ் ஆபீசும் லேபர் ஆபீசும் கைகோத்து நிற்பதாக மைக்கில் முழக்கம். பந்தலும் மேசைகளும் என்னுடையவை.

கைகோத்த லட்சணத்தைக் கேளுங்கள். கட்டட வேலையில் கல் சுமக்கும் திருநெல்வேலிக்காரி ஒருத்தி வந்திருந்தாள். புருஷன் இல்லை. பிள்ளைகளோடு இருந்த குடிசையைக் காலி பண்ணச் சொல்லி வழக்கு, திங்கட்கிழமை வாய்தா. வக்கீல் கிடைக்காவிட்டால் தெருதான். கோர்ட் குமாஸ்தா வருமானச் சான்று கேட்டார். அதைத் தர வேண்டிய வில்லேஜ் ஆபீசர், அவள் செய்யும் வேலையை லேபர் ஆபீசர் எழுதித் தரட்டும் என்றார். லேபர் ஆபீசரோ, கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால்தான் எழுதுவேன் என்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மூன்று மேசைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பழம்பொரி தின்றார்கள். ஒருவர் எண்ணெய்க் கையைத் துடைத்தது அவளுடைய மனுவில்.

"காலையில இருந்து அங்க போ, இங்க போன்னு வெரட்டுதாவ அண்ணாச்சி. பிள்ளையளக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?" என்றாள் என்னிடம்.

என் ஆட்களைக் கூப்பிட்டு இரண்டு மேசைகளைத் தூக்கச் சொன்னேன்.

வில்லேஜ் ஆபீசர் எழுந்துவிட்டார். "மேசை எங்கோட்டு கொண்டுபோகுன்னு?"

"எனக்க மேசையாக்கும் சாரே. ஒரு கல்யாணம் உண்டு."

"ஆருடெ கல்யாணம்?"

"நீங்க மூணு பேரும் சேர்ற கல்யாணம்தான். இரிக்கணும் சாரே."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மிச்சமிருந்த மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், காகிதம்தான் கைமாறியது. காப்பி ஆறுவதற்குள் எல்லாக் கையெழுத்தும் விழுந்தது. திங்கட்கிழமை அவளுக்காக ஒரு வக்கீல் எழுந்து பேசினார். குடிசை பிழைத்தது.

அடுத்த முகாமிலிருந்து ஒரே மேசைதான். அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர் வைத்து, மேடையில் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள், பந்தலைப் பிரிக்க.

இன்றும் அது தங்கள் மூளையில் உதித்தது என்றே சொல்லித் திரிகிறார்கள். அந்த முறையைக் கொண்டுவந்தவன் ஒரு பந்தல்காரன் என்று அரசாங்கம் எழுதிவைக்க வேண்டும். கோர்ட் வாசலில், மலையாளத்திலும் தமிழிலும், என் கண் மூடுவதற்கு முன்னால்.