துடைக்கிற கை

"கையில துணி இல்லாம உங்களால ஒரு நிமிஷம் நிக்கவே முடியாதா?" என்று மனைவி கேட்டாள். அவர் அப்போது சாப்பாட்டுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவித் துடைத்து அவள் எடுத்து வைத்த தட்டு அது. "பழகிப்போச்சு" என்று முனகிவிட்டு, தட்டின் விளிம்பை இன்னொரு சுற்றுத் துடைத்தார்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். தகரத்தின் மேல் துளி எண்ணெயோ மெழுகோ இருந்தால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் அம்மைத் தழும்பு போலக் குழிந்துவிடும். அதனால் பிசுக்கைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி ஒன்று அவர் பின்பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் கை தன்பாட்டுக்கு அதை உருவி, பக்கத்தில் இருக்கிற எதையாவது துடைக்கும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் முதலாளியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் கண்ணாடி அது. அதன் பிறகு அதன் வழியாக முதலாளிக்கு எல்லாமே பனிமூட்டமாகத்தான் தெரிந்தது.

பட்டறையில் அவருக்குக் 'கிராம்' என்று பெயர். காரணம், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கும் பழைய சின்னக் கார். வருஷத்துக்கு ஒருமுறை, சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் மலைச்சாலை ஒன்றில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி நடக்கும். அதில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. "எஞ்சினைப் பெருசாக்க நம்மளால ஆகாது. எடையைக் குறைக்க யாரைக் கேக்கணும்?" என்பார். சாம்பல் கிண்ணம் போனது, பின்சீட் போனது, தரைவிரிப்பு போனது. கழற்றிய ஒவ்வொன்றையும் அடுப்படித் தராசில் நிறுத்துப் பார்ப்பார். மனைவி மாவு நிறுக்கத் தராசைத் தேடினால், "இரு, தராசுல கதவுக் கைப்பிடி நிக்குது" என்று கொட்டகையிலிருந்து குரல் வரும்.

கழற்ற இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது, தகரத்துக்குப் பதிலாக ஃபைபரில் கதவுகள் செய்ய இறங்கினார். கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, இறுகவிட்டு எடுப்பது. கேட்கச் சுலபம். முதல் தடவை, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அள்ளி ஊற்றிவிட்டார். வாளி புகைந்து, உருகி, தரையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை ரெசின் வாளியைத் தாண்டி அச்சுவரை வந்தது, ஆனால் கதவின் வளைவுகளில் எல்லாம் துணி மடிந்து மடிந்து நின்றது.

அதைப் பார்த்துச் சிரித்தவன் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறான்.

"என்ன மாமா, கதவுக்கு இந்த வயசுலயே இவ்வளவு சுருக்கம்?"

"துணி வளைய மாட்டேங்குது மச்சான்."

"துணி வளையும். நீங்கதான் வளைய மாட்டேங்கறீங்க. இதை நேரா வெட்டினா எப்படி? கிராஸ்ல வெட்டணும். குடுங்க இப்படி."

கத்திரியை வாங்கி, துணியை மூலைக்கு மூலை திருப்பிப் போட்டு வெட்டினான். வளைவின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவினான். துணி குழந்தை மாதிரி அடங்கிப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கடையைச் சாத்தியதும் அவன் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவான். துணி அவன் பொறுப்பு, ரெசின் இவர் பொறுப்பு. முதல் நல்ல கதவு அச்சிலிருந்து கழன்று வந்ததும் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

"அக்கா, பாரு! எவ்வளவு லேசு!"

"அழகாத்தான்டா இருக்கு. உங்க மாமா வயித்தை எப்ப ஃபைபர்ல மாத்தப் போறீங்க?"

"அதுக்கு அச்சு எடுக்கக் கொட்டகையில இடம் பத்தாதுக்கா."

கணவரும் தம்பியும் கைகால் எல்லாம் கண்ணாடித் தூள் அரிக்க, சொறிந்துகொண்டே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுடைய சட்டைகளைத் தனியாகத் துவைக்க வேண்டியிருந்தது. அவள் திட்டிக்கொண்டேதான் துவைத்தாள். இருந்தாலும், அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை என்று இப்போது சொல்கிறாள்.

அடுத்தது எஞ்சினை மூடும் பேனட். காரில் இருந்த பேனட் துருப்பிடித்து நெளிந்திருந்தது. அச்சு எடுக்க நேரான பேனட் ஒன்று வேண்டும். அந்த மாடல் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. மச்சான் விடுமுறை நாளெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தான். சைக்கிள் கேரியரில் அதைக் கட்டி, காற்றுக்குக் கவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி, ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

அச்சு எடுப்பதற்கு முன் பேனட்டின் மேல் மெழுகு பூச வேண்டும். மெழுகு இருந்தால்தான் ரெசின் தகரத்தில் ஒட்டாமல் தனியாகக் கழன்று வரும். "நான் கொண்டுவந்த பேனட். நானே பூசுறேன்" என்றான் மச்சான். பளபளக்கப் பூசிவிட்டு, யாருக்கோ சட்டை கொடுக்க வேண்டும் என்று கடைக்குப் போய்த் திரும்பினான். பிறகு இருவருமாக ரெசின் தடவி, துணி விரித்து, ரோலர் உருட்டினார்கள்.

மறுநாள் அச்சு பேனட்டை விட்டுக் கழன்று வரவில்லை. ஆப்பு வைத்தார்கள், இடுக்கில் தண்ணீர் விட்டார்கள், ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார்கள். கடைசியில் அச்சு துண்டு துண்டாகப் பிய்ந்தது. பேனட்டும் அதோடு நெளிந்து கிழிந்தது.

அவர் கையிலிருந்த ஆப்பை வீசி எறிந்தார். "மெழுகு பூசத் துப்பில்ல, இதுல பேச்சு வேற! காஜா எடுக்கிறவனை நம்பிக் கார் கட்ட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"கை வலிக்கப் பூசினேன் மாமா" என்றான் மச்சான். கத்திரியில் ஒட்டியிருந்த இழையை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். பிறகு வரவே இல்லை. அக்கா தைக்கக் கொடுத்திருந்த துணிகள்கூட வேறு யார் கையிலாவதுதான் வந்து சேர்ந்தன.

மழைக்காலம் போன பிறகு, முன்சக்கரத்தின் மேல் வரும் தகட்டுக்குத் தனியாகவே அச்சு எடுக்க உட்கார்ந்தார். இந்தத் தடவை மெழுகைத் தானே பூசினார். முகம் தெரியும்வரை தேய்த்தார். டீ குடிக்க உள்ளே போய்விட்டு வந்து, வளைவில் துணி எப்படி உட்காரும் என்று யோசித்தபடி தகட்டின் பக்கத்தில் நின்றார். 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மெழுகு பூசிய தகடு கீச்சிடாது. அதன் மேல் துணி வழுக்கிக்கொண்டுதான் போகும். அவர் குனிந்து பார்த்தார். அவருடைய கை துடைத்துக்கொண்டிருந்தது. தின்னர்த் துணியில் மஞ்சளாக மெழுகு அப்பியிருந்தது. தகட்டில் பாதி மங்கிப் போயிருந்தது.

துணி கையிலிருந்து விழுந்தது. அவர் கழற்றிப் போட்டிருந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி வந்து பார்த்தபோது சொன்னார். "அன்னிக்கும் நான்தான் துடைச்சிருப்பேன். அவன் கடைக்குப் போயிருந்தப்ப. எனக்கே தெரியாம."

அவள் கீழே கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அவன்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன். உன் தம்பிதானே."

"திட்டறப்ப என்னையா கூப்பிட்டுத் திட்டச் சொன்னீங்க? ஊர் கேக்கத் திட்டின வாய் உங்க வாய். அதுவே போய்ச் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு எத்தனையோ சாயங்காலம் தையல்கடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனார், அதே வழியில் திரும்பி வந்தார். போன வாரம் ஒருநாள் சட்டைத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். 'மச்சான், மெழுகைத் துடைச்சது நான்தான்.' அவ்வளவுதான்.

கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மச்சான் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க சார். என்ன தைக்கணும்?"

சார் என்ற சொல் அவரைக் கன்னத்தில் அறைந்தது. "சட்டை" என்றார்.

"கையைத் தூக்குங்க சார்."

தூக்கினார். மச்சான் நெஞ்சைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தான். அவன் தலை அவருடைய தாடைக்குக் கீழே இருந்தது. காதோரமாகச் சொல்லிவிடலாம், வேறு யாருக்கும் கேட்காது. அவர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் லூசா வை" என்றுதான் வந்தது.

"சரிங்க சார்."

மச்சான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவைச் சாக்கட்டியால் துணியில் எழுதி, துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான். அவர் மட்டும் தூக்கிய கைகளை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இதைப் படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த தையல்காரர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் பேசிப் பேசி என்றாவது ஒருநாள் அந்தக் கடைக்கும் போய்ச் சேரட்டும், மெழுகு சரியாகத்தான் பூசப்பட்டிருந்தது என்று.