புல் உடலுக்கு இட்ட தீ

சித்தப்பாவைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. அயல்நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார் என்போரும் உண்டு. ஆகவே, நான் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது சித்தியின் கைப்பேசியில் ஒலித்த குரல். அதைக் கேட்பதற்காகப் பெரியப்பா தம் விசைத்தறிகளை நிறுத்தச் சொன்னார். சரக்குக் கப்பலில் சித்தப்பாவுடன் பணியாற்றிய பெரு நாட்டவர் ஒருவர் ஸ்பானிய மொழியில் பேசி அனுப்பியிருந்தார். மொழிபெயர்ப்புப் பணிக்காக நான் அம்மொழியைக் கற்றவன். விடிந்தபோது சித்தப்பா கப்பலில் இல்லை, கடலிலும் தேடினார்கள் என்ற செய்தியின் இடையே ஒரு வினை வந்தது: 'தெசாபரெசியோ'. 'தெசாபரெசெர்' என்றால் மறைதல், காணாமற்போதல். அவர் சொன்னது அதன் இறந்தகாலம்; செயலை நிகழ்ந்து முடிந்ததாகக் காட்டும் வடிவம். "காணாமற்போனார்" என்று சித்தியிடம் சொன்னேன்.

பெரியப்பா விடவில்லை. "முடிஞ்சு போச்சுன்னுதானலே அர்த்தம்? செத்துட்டான்னே சொல்லிரு."

இறத்தலுக்கு அவர்களிடம் வேறு வினை உண்டு, அதை அந்த மனிதர் சொல்லவில்லை என்று விளக்கினேன். தம்பிக்கு ஈமக்கடன் கழியாமல் மகளின் திருமணத்தை நடத்தலாகாது என்பது பெரியப்பாவின் கவலை. சித்திக்கோ, அக்கடன் கழிந்தால் தாலி இறங்க வேண்டும்.

மாதங்கள் சென்றும் வேறு செய்தி வரவில்லை. உடல் கிடைக்காதவருக்குத் தருப்பைப் புல்லால் உருவம் செய்து எரிக்கும் வழக்கத்தைப் புரோகிதர் எடுத்துரைத்தார். எரித்தபின் அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று சித்தி கேட்டார். பிறந்த குழந்தைக்குரிய சடங்குகளை அவருக்குச் செய்து, அதே மனைவிக்கு மறுபடியும் தாலி கட்டவைக்க வேண்டும் என்றார் புரோகிதர்.

சித்தி பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப எரிச்சிருங்க அத்தான். ஆனா அவுக வந்துட்டா, அந்தக் கல்யாணச் செலவு ஒங்களோடது."

யாரும் சிரிக்கவில்லை.

சுடுகாட்டில் நான் இருந்தேன். வெறும் புல்லாதலால் தீ விரைவில் அடங்கிவிட்டது. எலும்பு பொறுக்கக் காத்திருக்கும் வேலையும் இல்லை. பதினாறாம் நாள் சித்தி தாலியைக் கழற்றினார். அதை உருக்கி மணப்பெண்ணுக்கு நகை செய்யலாம் என்று உறவினர் சொன்னதற்கு இணங்கவில்லை. திருமணம் முடிந்து பெரியப்பா பேரனும் கண்டுவிட்டார். தாலி இன்றும் சித்தியின் பெட்டியில், புதிய மஞ்சள் கயிற்றில் கோத்தபடி இருக்கிறது.

சித்தப்பா கடலில் தவறி விழுந்தாரா, தாமே இறங்கினாரா, எங்கேனும் கரையேறினாரா என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.