ஒருத்தர் போதும் என்றார் முதலாளி

எனக்கு வாய் ஜாஸ்தி. அதனால் ஜெயந்திமாலாவைப் பற்றி ஒரு மாதம் நான் பேசித் திரிந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் அரிசி மில்லில் நாங்கள் ஆறு பேர் கல்லும் கறுப்பும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் வந்தது. நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியது நானும் ஜெயந்திமாலாவும். மெஷினை ஓட்ட செல்போனில் ஒரு ஆப். அவள் சமணர் வீட்டுப் பெண், அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவாள். நாங்களெல்லாம் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் அவள் உட்கார்ந்து யூடியூபில் மெஷின் வீடியோவாகப் பார்த்தாளாம். ஒரே வாரத்தில் ஆப் அவளுக்கு அத்துப்படி.

முதலாளி இளஞ்செழியன் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசியோட ஒருத்தர் போதும்மா."

யார் அந்த ஒருத்தர் என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆப் தெரிந்த அவள்தான். "போனைத் தடவியே என் பொழப்பைக் கெடுத்துட்டா" என்று டீக்கடை வரைக்கும் சொன்னேன். அவள் காதுக்கும் போயிருக்கும்.

அன்றைக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள். விடிந்தால் கிரிவலக் கூட்டத்தில் லாரி நகராது. சாயங்காலத்துக்குள் லோடு ஏறியாக வேண்டும். மெஷினோ அரிசியைக் கழிவுப் பக்கமே மூட்டை மூட்டையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நெல்லே சரியில்ல," என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியும் போகப்போகிறவளுக்கு என்ன பயம்? கழிவிலிருந்து ஒரு கை அள்ளி அவர் மேஜைமேல் கொட்டினேன்.

"இன்னா சார் கெட்டுப்போச்சு இதுல? நெல்ல அவிச்சதுல லேசா மஞ்சள் தட்டியிருக்கு, அவ்ளோதான். நல்ல அரிசியத் தூக்கி எறியுது உங்க மெஷினு!"

ஜெயந்திமாலா அதைப் படமெடுத்து மெஷின் கம்பெனியின் கோயம்புத்தூர் இன்ஜினியருக்கு அனுப்பினாள். வீடியோ காலில் அவரைப் பிடித்தாள். "இது நல்லது, இது ஆவாது" என்று நான் மணி மணியாகப் பிரித்துக் காட்ட, அவர் அங்கிருந்தபடியே நெட்டில் மெஷினின் செட்டிங்கை மாற்றினார். கால் மணி நேரத்தில் கழிவு பாதிக்குப் பாதி கம்மி. நாலு மணிக்கு லாரி கிளம்பிவிட்டது.

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஜெயந்தி, நீ ஒருத்தியே போதும்மா!"

"போட்டோ அனுப்புனது நான் சார். தப்பைக் கண்டுபுடிச்சது இந்தப் பாஞ்சாலக்கா. நாளைக்கு வேற நெல்லு வரும், அப்ப யாரு பார்ப்பாங்க? ஒருத்தர் போவணும்னா ரெண்டு பேருமே போறோம்."

அடிப்பாவி! என்னோடு சேர்த்துத் தன் வேலையையும் விட்டுவிட்டாளே! முதலாளி மேஜைமேல் கிடந்த அரிசியைக் கொஞ்ச நேரம் விரலால் கிளறினார்.

"சரி சரி, ரெண்டு பேருமே வாங்க. இதுக்குப் போய் மொறைக்காதம்மா."

வெளியே வந்ததும் நான் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் போனை வாங்கி அந்த ஆப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்டு சொல்றேன்க்கா, மனசுல வெச்சிக்கோ. நாளையிலேர்ந்து நீயும் ஓட்டு."

அந்த மில்லில் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.