ஆயுத பூஜைக்குக் கழுவிய ஃப்ரிட்ஜ்

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நரம்பு செல்லுக்கு ‘போதும், அடங்கு’ என்று சொல்லும் ரசாயனம் ஒன்று உண்டு. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் செல்லின் சவ்வில் எங்கும் பரவியிருக்கின்றனவா, அங்கங்கே கூட்டமாக இருக்கின்றனவா என்று எலியின் தண்டுவடத்தில் பார்ப்பது என் வேலை. வீட்டில் அதற்குப் பெயர் எலி ஆராய்ச்சி. தையில் கல்யாணம். அதற்குப் பிறகு லேப் வேண்டாம் என்று அவிநாசி மாப்பிள்ளை வீட்டார் நயமாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் முடித்தால்தான் உண்டு.

ஏற்பியில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி, வெளிநாட்டுக்கு எழுதி எழுதிக் கெஞ்சி வாங்கிய சிறு குப்பி. குளிரிலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். முதல் முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது செல்லின் ஓரமாகப் பச்சைப் புள்ளிகள், கூட்டம் கூட்டமாக. அழுதுவிட்டேன். இன்னும் சில எலிகளில் இதையே காட்டினால் போதும் என்றார் என் கைடு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து போனால், லேப் முழுக்கச் சந்தன மணம். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. ஃப்ரிட்ஜுக்கு மாலையே போட்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். என் குப்பி மேசைமேல் வெதுவெதுவென்று இருந்தது.

“ஐஸ் கட்டிக் கெடந்துச்சுங்க அம்மணி. சாமி நாளும் அதுவுமா அப்படியே உடலாமுங்களா? கழுவிப்போட்டேனுங்க” என்றார் அட்டெண்டர் அக்கா. திட்ட வாய் வரவில்லை. மில்லில் அன்றைக்கு மெஷினையே நிறுத்திக் கழுவுகிற ஊர் இது.

மனசு கேட்காமல் அந்த ஆன்டிபாடியையே போட்டுப் பார்த்தேன். செல் முழுக்க ஒரே சீராகப் பச்சை. கைடு குனிந்து பார்த்தார். அவருக்கும் சலித்துப் போயிருந்தது.

“எங்கயும் பரவியிருக்குதுன்னு எழுதிப்போடுங்க அம்மணி. தைக்குள்ள முடிச்சரலாம்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஒப்பிடுவதற்காக, அந்த ஆன்டிபாடியை மட்டும் விட்டு மற்றதெல்லாம் போட்ட ஸ்லைடு ஒன்று இருந்தது. அதில் பச்சையே தெரியக் கூடாது. அதை வைத்தேன். அதிலும் அதே பச்சை.

“இது ஏற்பியே இல்லீங்க சார். வெறும் மங்கல்.”

“புதுக் குப்பி வர ஆடி ஆயிருமே. கண்ணாலம் தையிலதானுங்களே?”

“ஆமாங்க சார்.”

அவர் எழுந்து போனார். இனி அறுக்கத் தேவையில்லாத எலிகள் கூண்டில் கிடந்தன. அதுகளுக்குப் பசிக்குமே என்று தீனி எடுத்துக்கொண்டு போனேன்.